ரத்தத்தில் ஓடும் குடும்பச் சாயல்: ஹார்மோன் அளவுகள் எப்படி வழிவழியாக வருகின்றன?

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "வீட்ல வேற யாருக்காவது சுகர், தைராய்டு இருக்கா?" நாமும் "அப்பாவுக்கு இருக்கு, பெரியத்தைக்கு இருக்கு" என்கிறோம். அவர் தாளின் ஓரத்தில் ஒரு வரி குறித்துக்கொள்கிறார். அதோடு பேச்சு மாத்திரைக்குப் போய்விடுகிறது.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அப்பாவின் உடம்பில் ஓடிய இன்சுலினில் ஒரு துளிகூட எனக்கு வந்ததில்லை. அவரவர் ஹார்மோனை அவரவர் சுரப்பிதான் தயாரிக்கிறது. அப்படியிருக்க, ஒரே வீட்டுப் பிள்ளைகளின் அளவுகள் ஏன் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன? எதுதான் கைமாறுகிறது?

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. எங்கள் வீட்டில் அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், நானும் சாப்பிடுகிறேன். அண்ணனுக்கு எதுவும் இல்லை. "என்கிட்டேருந்துதானே உனக்கு வந்தது" என்று அம்மா பல வருடம், தான் ஏதோ பிழை செய்துவிட்டதுபோல வருந்தியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

மிதவையும் தண்ணீரும்

சுரப்பிகள் ரத்தம் வழியாக அனுப்பும் செய்திகள்தான் ஹார்மோன்கள். சாப்பிட்டதை எரிப்பதா, சேமிப்பதா, பசியைத் தூண்டுவதா, அடக்குவதா என்று உடம்பின் வரவு செலவைப் பார்த்துக்கொள்பவற்றை வளர்சிதை மாற்ற ஹார்மோன்கள் என்கிறோம். கணையம் இன்சுலினையும் குளுக்ககானையும் சுரக்கிறது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அதுவும் லெப்டின், அடிப்போனெக்டின் என்று சுரந்துகொண்டிருக்கிறது. இரைப்பையிலிருந்து கிரெலின் வருகிறது. கழுத்தில் தைராய்டு, அதை வேலை வாங்குவதற்காக மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால்.

பரிசோதனைத் தாளில் அச்சாகும் எண், ஊசி குத்திய அந்த நிமிடத்தின் நிலவரம். இன்சுலின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலையலையாக வெளிவருகிறது. கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். லெப்டின் இரவில் ஏறும். இப்படி நிமிடத்துக்கு நிமிடம் ஆடுகிற ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

வீட்டின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. நீர்மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கிக் குழாயைத் திறக்கும். மட்டம் ஏறினால் மூடும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது, மிதவை எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஹார்மோனுக்கும் அப்படித்தான். சுரக்கும் வேகம் ஒன்று. கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் சிதைத்து அகற்றும் வேகம் இன்னொன்று. "போதும்", "போதாது" என்று உணரும் உறுப்பின் கணக்கு மூன்றாவது. இந்தப் பாகங்கள் எல்லாம் புரதங்களால் ஆனவை. புரதத்தைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. ஆகவே பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது மிதவையும் குழாயும். தண்ணீரை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் குளுக்கோகைனேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து இன்சுலின் கதவைத் திறப்பதற்கு அதுதான் மிதவை. அதைச் செய்யும் மரபணுவில் பிழை வந்தால் குடும்பத்தில் வழிவழியாக ஒரு வகை நீரிழிவு வருகிறது என்பது 1992-இல் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. மிதவை சற்று மேலே தள்ளிப் பொருத்தப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான் நடப்பது. இவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 100 முதல் 145 மில்லிகிராம் வரை இருக்கும், பிறந்ததிலிருந்தே அப்படி. அதற்கு மேல் பெரிதாக ஏறாது. மாத்திரை கொடுத்தாலும் அந்த மட்டம் அதிகம் அசையாது, ஏனென்றால் உடம்பைப் பொறுத்தவரை அதுதான் சரியான மட்டம். கர்ப்ப காலத்தைத் தவிர இவர்களுக்குப் பொதுவாகச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பிழையுள்ள பிரதி ஒன்று இருந்தாலே போதும் என்பதால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தைராய்டிலும் இதைப் பார்க்கலாம். 16 ஆரோக்கியமான ஆண்களுக்கு மாதம் ஒருமுறை வீதம் ஓராண்டு முழுக்கத் தைராய்டு அளவுகளைச் சோதித்த டேனிஷ் ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. தனி ஒருவரின் அளவு ஆண்டு முழுக்க ஆடிய வீச்சு, அந்தக் குழுவின் மொத்த வீச்சில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொருவருக்கும் தன் மட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றித்தான் அளவு ஆடுகிறது. டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். விஷயத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 65 சதவீதத்தை மரபுடன் சேர்க்க முடிந்தது. இந்த "65 சதவீதம்" என்பதைப் பலரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

ஒரே எழுத்து விட்டுப்போனால்

ஒற்றை மரபணு ஒரு ஹார்மோனின் அளவை எவ்வளவு ஆட்டிவைக்க முடியும் என்பதற்கு லெப்டினைவிடத் தெளிவான சான்று கிடையாது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் அளவுக்கு மீறித் தின்று பருக்கும் எலிக்குட்டிகள் பிறந்தன. அவற்றுக்கு என்ன குறை என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. "கொழுப்பு சேர்ந்திருக்கிறது, இனிப் பசிக்க வேண்டாம்" என்று மூளைக்குச் சேதி சொல்லும் ஹார்மோனை அந்த எலிகளால் செய்ய முடியவில்லை. ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றே ஆண்டுகளில், 1997-இல், மனிதர்களிலும் அதே குறை இருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடந்திருந்த ஒரு குடும்பம். அதில் 8 வயதுச் சிறுமி 86 கிலோ. அவளுடைய உறவுமுறைச் சிறுவன் 2 வயதில் 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடையில்தான் இருந்தார்கள். அடங்காத பசி. லெப்டின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியிலும். அவர்கள் ரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிறகு அந்தச் சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது, ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். அதுவரை அவளைச் சுற்றி இருந்தவர்கள் "வாயைக் கட்டு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்த மாதிரிக் குடும்பங்களில் ஒரு பிரதி மட்டும் பிழையாக இருந்தவர்களையும் 2001-இல் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய லெப்டின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், உடல் கொழுப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவும் இருந்தது. இரண்டு பிரதியும் பழுதென்றால் ஹார்மோனே இல்லை. ஒன்று பழுதென்றால் மட்டம் சற்றுக் குறைவு. மரபணு என்றாலே இருக்கிறது, இல்லை என்ற இரண்டே பதில் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். அளவு என்பது படிப்படியாகவும் கைமாறும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: லெப்டின் இல்லாமை மிக மிக அரிது. உடல் பருமன் உள்ள பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இருப்பதில்லை, அதிகமாகவே இருக்கிறது. சேதி போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூளை காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் லெப்டின் ஊசி எல்லோருக்குமான மருந்தாக ஆகவில்லை.

சில்லறையாகச் சேரும் சொத்து

உங்கள் குடும்பத்திலும் என் குடும்பத்திலும் நடப்பது பெரும்பாலும் வேறு கதை. அங்கே ஒரு பெரிய பிழை இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். ஒன்று இன்சுலின் சுரப்பை ஒரு இம்மி கூட்டும். மற்றொன்று ஒரு இம்மி குறைக்கும். இன்னொன்று பசியை லேசாகத் தூண்டும். தனித்தனியே பார்த்தால் எதுவுமே கணக்கில் வராது. ஒரு பையில் சேர்ந்த சில்லறைபோல, எல்லாம் கூடும்போதுதான் கனம் தெரியும்.

எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கணக்கு. உடல் எடையோடு தொடர்புள்ள பொதுவான மரபணு வேறுபாடுகளில் மிகவும் பெயர் பெற்றது 2007-இல் கண்டுபிடிக்கப்பட்ட எஃப்.டி.ஓ. அந்த வேறுபாட்டின் இரண்டு பிரதிகளையும் கொண்டவர்கள், ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 3 கிலோ கூடுதல். இருப்பதிலேயே பெரிய நாணயம் இவ்வளவுதான் என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சில்லறை எப்படிப் பங்காகிறது? அம்மா தன்னிடம் உள்ள இரண்டு பிரதிகளில் ஏதோ ஒன்றைத் தருகிறார், அப்பாவும் அப்படியே. எது வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல. அதனால்தான் உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்கிறோம். உண்மையில் அளந்து பார்த்தபோது சில ஜோடிகள் 37 சதவீதம்தான் பகிர்ந்திருந்தார்கள், சிலர் 62 சதவீதம் வரை. "ஒரே வயிற்றில் பிறந்தும் ஏன் இப்படி?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த இடைவெளியில் இருக்கிறது.

மெண்டலின் பட்டாணிச் செடிகளில் உயரம், குட்டை என்று இரண்டே வகை. மனித உயரமோ ஹார்மோன் அளவோ அப்படித் துண்டாக நிற்பதில்லை, தொடர்ச்சியாக ஓடுகிறது. இரண்டும் வெவ்வேறு விதி என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய சண்டை நடந்தது. 1918-இல் ரொனால்டு ஃபிஷர் ஒரு கட்டுரையில் முடிச்சை அவிழ்த்தார்: மெண்டலின் விதிப்படி கைமாறும் பல சிறு காரணிகள் ஒன்றுசேர்ந்தாலே இந்தத் தொடர்ச்சி வந்துவிடும், உறவினர்களுக்கிடையிலான ஒற்றுமையையும் அதை வைத்தே கணக்கிட்டுவிடலாம். நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இன்றைய குடும்ப ஆய்வுகள் எல்லாம் அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கின்றன.

இன்னொரு விஷயம், பெற்றோருக்கு ஆறுதலாக இருக்கக்கூடியது. ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இல் உயரத்தில் கவனித்தது இங்கேயும் பொருந்தும்: பெற்றோரின் அளவு சராசரியிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால், பிள்ளைகளின் அளவு பொதுவாகச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் திரும்பி வரும். அந்த விலகலில் மரபல்லாத காரணங்களும் சேர்ந்திருந்தன. அவை பிள்ளைக்கு அப்படியே வருவதில்லை.

அடிப்போனெக்டினைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கொழுப்புத் திசுவில் பிறந்தாலும் கொழுப்பு கூடக் கூட ரத்தத்தில் குறையும் விசித்திரமான ஹார்மோன் இது. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது. மரபின் பங்கு 30 முதல் 70 சதவீதம் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அதன் அளவைப் பாதிக்கும் வேறுபாடுகள் அதைச் செய்யும் மரபணுவிலும் இருக்கின்றன, அதை ரத்தத்திலிருந்து பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தின் மரபணுவிலும் இருக்கின்றன. குழாயில் வரத்து குறையாமலேயே தொட்டியில் மட்டம் மாறலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

"65 சதவீதம் மரபு" என்றால் என்ன?

இரட்டையர்களிடம் இயற்கையே ஒரு சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. ஒருகரு இரட்டையர் கிட்டத்தட்ட முழு மரபையும் பகிர்கிறார்கள். இருகரு இரட்டையர் மற்ற உடன்பிறப்புகளைப்போலப் பாதியை. இரு வகையினரும் ஒரே காலத்தில் கருவறையில் இருந்தவர்கள், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஆகவே ஒருகரு இரட்டையரின் அளவுகள் கூடுதலாக ஒத்துப்போனால் அந்தக் கூடுதலை மரபின் கணக்கில் எழுதலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏதோ ஒரு ஹார்மோனில் ஒருகரு இரட்டையரின் ஒற்றுமை 0.60, இருகரு இரட்டையரின் ஒற்றுமை 0.35 என்று வைத்துக்கொள்ளுங்கள் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை). வித்தியாசம் 0.25. முழு மரபுக்கும் பாதி மரபுக்கும் இடையே இவ்வளவு என்றால், மரபு முழுவதற்கும் அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 0.50. இதை மரபுப் பங்கு என்போம். ஒருகரு இரட்டையரின் 0.60-இல் இந்த 0.50 போக மீதி 0.10 ஒரே வீட்டில் வளர்ந்ததன் கணக்கு. எஞ்சிய 0.40 ஒவ்வொருவருக்கும் தனித்து நேர்ந்தவை: அவரவர் தூக்கம், நோய், வேலை, பரிசோதனை நாளன்று இருந்த நிலை, கருவியின் பிழை எல்லாம் அதில் அடக்கம். நிமிடத்துக்கு நிமிடம் ஆடும் ஹார்மோனை ஒரே ஒரு முறை அளந்தால் இந்தக் கடைசிப் பங்கு பெருத்துப்போகும். மரபின் பங்கு உண்மையில் உள்ளதைவிடக் குறைந்து தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மரபுப் பங்கு 50 சதவீதம் என்றால், உங்கள் இன்சுலினில் பாதி அப்பா அம்மா தந்தது, மீதி பாதி நீங்கள் சம்பாதித்தது என்று பொருளாகாது. மத்தளத்திலிருந்து எழும் ஓசையில் தோலின் பங்கு எவ்வளவு, விரலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? முடியாது. ஆனால் நூறு மத்தளங்களை நூறு பேர் வாசிக்கும்போது, ஓசைக்கு ஓசை கேட்கும் வேறுபாட்டில் எவ்வளவு தோலால் வந்தது, எவ்வளவு விரலால் வந்தது என்று கேட்கலாம். மரபுப் பங்கு என்பது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில். அது ஒரு கூட்டத்தில் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பேசுகிறது. தனி ஒரு மனிதரைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இன்னும் ஒன்று. நூறு மத்தளங்களையும் ஒரே கலைஞர் வாசித்தால் வேறுபாடு முழுக்கத் தோலால் வந்ததாகிவிடும். தோல் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அதன் "பங்கு" 100 சதவீதமாகிவிட்டது. அதேபோல எல்லோரும் ஒரே மாதிரி உண்டு உழைக்கும் கூட்டத்தில் மரபுப் பங்கு உயர்ந்து தெரியும். வாழ்க்கை வெகுவாக மாறுபடும் கூட்டத்தில் தாழ்ந்து தெரியும். ஆய்வுக்கு ஆய்வு எண் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மரபுப் பங்கு அதிகம் என்றால் மாற்ற முடியாது என்றும் பொருளில்லை. பார்வைக் குறையில் மரபின் பங்கு அதிகம். கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரிகிறது.

இன்சுலினில் இந்தக் கணக்கு ஒரு அழகான விஷயத்தைக் காட்டுகிறது. வெறும் வயிற்றில் அளக்கும் இன்சுலின் அளவில் தெரியும் மரபைவிட, சர்க்கரை ஏறியவுடன் கணையம் எவ்வளவு வலுவாகப் பதில் கொடுக்கிறது என்பதில் மரபு தெளிவாகத் தெரிகிறது. மீண்டும் மிதவைதான்: தண்ணீர் மட்டத்தில் இருப்பதைவிட, அதைச் சரிசெய்யும் பொறியில்தான் குடும்பச் சாயல் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

கருவறை, வீடு

குடும்பத்தில் ஒன்று தொடர்கிறது என்பதாலேயே அது மரபணு வழியாகத்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைக்கு அம்மா கொடுப்பது மரபணு மட்டுமல்லவே. ஒன்பது மாதம் தங்க இடமும் கொடுக்கிறார்.

இதைப் பிரித்துப் பார்க்க அரிசோனாவின் பிமா பழங்குடி மக்களிடையே நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அந்த மக்களிடையே நீரிழிவு மிக அதிகம். ஆய்வாளர்கள் ஒரே தாயின் பிள்ளைகளையே ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டார்கள்: தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு பக்கம், வந்த பின் பிறந்தவர்கள் மறுபக்கம். மரபு இருவருக்கும் ஒரே பையிலிருந்து வந்ததுதான். ஆனாலும் பின்னால் பிறந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு விகிதம் 3.7 மடங்காக இருந்தது. தந்தைக்கு நீரிழிவு வந்ததை வைத்து இதே கணக்கைப் போட்டபோது அப்படி எந்த வேறுபாடும் இல்லை. எனவே இந்தக் கூடுதல் மரபணுவால் வந்ததில்லை, கருவறையில் இருந்த சர்க்கரைச் சூழலால் வந்தது. 2000-இல் இது வெளியானது. கர்ப்ப காலத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லும்போது அது அடுத்த தலைமுறையின் மிதவையையும் பார்த்துச் சொல்லும் சொல் என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

பட்டினியும் தடம் பதிக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் உணவுப் பஞ்சம் வந்தது. மோசமான நாட்களில் ஒருவருக்குக் கிடைத்த உணவு 400 முதல் 800 கலோரிதான். அப்போது கருவில் இருந்தவர்களை ஏறத்தாழ 50 வயதில் சோதித்தபோது, சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழிந்தபின்னும் ரத்தச் சர்க்கரை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. கருத்தரித்த தொடக்க வாரங்களிலேயே பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம், அறுபது ஆண்டுகள் கழித்தும், இன்சுலினின் உறவுமுறையான ஒரு வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவில் ரசாயனக் குறி குறைந்திருந்ததை 2008-இல் கண்டார்கள். மரபணுவின் எழுத்து மாறவில்லை. எவ்வளவு உரக்கப் படிக்க வேண்டும் என்ற குறி மாறியிருந்தது. ஒப்பிட்டது அவர்களுடைய உடன்பிறப்புகளோடுதான்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அடுக்களை, ஒரே உறங்கும் நேரம், ஒரே நடையோ நடையின்மையோ. ஆனாலும் நாம் நினைக்கிற அளவுக்கு அதன் பிடி எல்லாவற்றிலும் இல்லை. டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை வைத்து 1986-இல் வெளிவந்த ஆய்வில், அவர்களின் உடல் எடை பெற்றவர்களின் எடையோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களின் எடையோடு ஒத்துப்போகவில்லை. அதற்காகச் சாப்பாடும் நடையும் எடையைத் தொடுவதில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு இருந்த வேறுபாடு, வளர்ந்தவர்களுக்குள் தெரியும் அளவுக்குப் பிரிவை உண்டாக்கவில்லை, அவ்வளவே.

மரபும் வாழ்க்கையும் சந்திக்கும் இடம்

12 ஜோடி ஒருகரு இரட்டையர் இளைஞர்களுக்கு, நூறு நாள் காலத்தில் 84 நாட்கள், தினமும் 1000 கலோரி கூடுதலாக உணவு கொடுத்த கனடா ஆய்வு 1990-இல் வெளிவந்தது. கிளோட் புஷார் நடத்தியது. எல்லோருக்கும் ஒரே கூடுதல். ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஜோடிக்குள் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறினார்கள்; ஜோடிக்கு ஜோடி இருந்த மாறுபாடு அதைப்போல மூன்று மடங்கு. கூடுதல் உணவு இல்லாமல் யாருக்கும் எடை ஏறியிருக்காது. எவ்வளவு ஏறும் என்பதை மரபு முடிவு செய்தது. மரபா, பழக்கமா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பொருளில்லை என்பதற்கு இந்த 24 இளைஞர்களே போதும்.

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. இரண்டாம் வகை நீரிழிவுடன் தொடர்புள்ள பொதுவான மரபணு வேறுபாடுகளில் வலுவானது 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த டி.சி.எஃப்.7.எல்.2. கணையத்தின் இன்சுலின் சுரப்பை அது மந்தமாக்குகிறது. அமெரிக்காவில், நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து நடந்த பெரிய தடுப்பு ஆய்வு 2002-இல் வெளியாகியிருந்தது. அதில் உணவும் நடையும் எடைக் குறைப்பும் சேர்ந்து நீரிழிவு வருவதை 58 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம். பிறகு அதே ஆட்களின் மரபணுவைப் பார்த்தார்கள். ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட குழுவில், அந்த வேறுபாட்டின் இரண்டு பிரதிகளையும் கொண்டவர்களுக்கு நீரிழிவு வேகமாக வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட குழுவிலோ அந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது.

ஆகவே மருத்துவரின் அந்தக் கேள்விக்கு "அப்பாவுக்கு இருக்கு" என்ற பதில் போதாது. எத்தனை வயதில் வந்தது என்பது முக்கியம். அப்போது அவர் ஒல்லியா, பருமனா? அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா, எந்தப் பிள்ளையின்போது? பெற்றோர் இருவருக்குமா, ஒருவருக்கு மட்டுமா? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்றரை மடங்கு, இருவருக்கும் இருந்தவர்களுக்கு ஆறு மடங்கு என்று தெரிந்தது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையில் இருபத்தைந்து வயதுக்கு முன்பே, பருமன் இல்லாமல் வந்திருந்தால் அது ஒற்றை மரபணு வகையாக இருக்கக்கூடும். அதில் ஒரு வகையினர், முதல் வகை நீரிழிவு என்று கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். மரபணுப் பரிசோதனைக்குப் பின் சல்ஃபோனைல்யூரியா என்ற சாதாரண மாத்திரைக்கு மாறியவர்கள் பலர். அந்தச் சந்தேகத்தை மருத்துவருக்கு எழுப்பும் தகவல் குடும்பத்தின் பெரியவர்களிடம்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கும் எனக்கும் வந்தது, உடம்பின் நோயெதிர்ப்பு தன் சொந்தத் தைராய்டையே தாக்கும் வகை. அந்தப் போக்கும் குடும்பங்களில் தொடர்கிறது. பெண்களிடம் பல மடங்கு அதிகம். அண்ணனுக்கு வராததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டபோது, அவருடைய அம்மாவுக்கும் கழுத்தில் வீக்கம் இருந்ததாகவும், எப்போதும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார். யாரும் அதைப் பரிசோதித்ததில்லை. சின்னம்மாவின் மகளுக்கு இப்போது மூன்றாவது மாதம். அன்று மாலையே அவளைக் கூப்பிட்டு, டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று கேட்டார் அம்மா.